தடைக்காலம் முடிந்ததும் படகு பேட்டரிகள் செத்துப்போவது ஏன்? பிளேட்டின் மேல் பூச்சுக் கொடுத்தால் தப்புமா?

கேள்வி: தங்கச்சிமடம் பேட்டரிக் கடை

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பேட்டரி விற்பனையும், சார்ஜ் போட்டுக் கொடுக்கும் வேலையும் செய்து வருகிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விசைப்படகுக்காரர்கள். எஞ்சினைச் செல்ஃப் எடுப்பதற்கும், விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் ஆகியவற்றுக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளையே வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் இறங்கும் வாரத்தில் என் கடை வாசலில் செத்த பேட்டரிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றரை ஆண்டுகூட ஆகாத பேட்டரியும் அதில் இருக்கும். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சொல்பவர்களிடம் நான் என்ன பதில் சொல்வது?

இந்த ஆண்டு இரண்டு பேர் இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒருவர் ஒரு திரவத்தைக் கொண்டுவந்து, இதை ஒவ்வொரு செல்லிலும் ஊற்றி 24 மணி நேரம் மெதுவாக சார்ஜ் போட்டால் பிளேட்டின் மேல் நானோ பூச்சு படிந்து பேட்டரி புதியதாகிவிடும் என்றார். என் சொந்தச் செலவில் நான்கு பேட்டரிகளில் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு எழுந்தன, இரண்டு எழவில்லை. எழுந்தவற்றில் ஒன்று பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. இன்னொருவர் லித்தியம் பேட்டரி ஏஜென்ட். அவருடைய பேட்டரியின் மின்முனைகள் (உள்ளே இருக்கும் பிளேட்டுகள்) கார்பன் பூச்சு பெற்றவை என்பதால் இராமேசுவரத்து உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது என்கிறார்.

மின்முனையின் மேற்பரப்பில் எதையாவது பூசி பேட்டரியின் திறனைக் கூட்டலாம் என்பதில் உண்மை இருக்கிறதா, அல்லது எல்லாமே விற்பனைப் பேச்சா? உண்மை என்றால், எங்களைப் போன்ற கடைக்காரர்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: காரைக்குடி, ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர்

ஐயா, உங்கள் கேள்வியில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்திருப்பதால் அவற்றைப் பிரித்து எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மேற்பரப்பு என்பது விற்பனைப் பேச்சு அன்று. பேட்டரியில் வேதிவினை நடப்பது பிளேட்டின் உடம்புக்குள் அன்று. ஆசிட் வந்து தொடும் தோலில்தான். பிரான்சில் காஸ்டன் பிளாந்தே 1859-இல் முதல் ஈய அமில மின்கலத்தைச் செய்தபோது அவர் கையில் இருந்தவை வெறும் ஈயத் தகடுகள். வழவழப்பான தகட்டில் மின்சாரம் சொற்பமாகவே தங்கியது. திரும்பத் திரும்ப ஏற்றியும் இறக்கியும் அந்தத் தகட்டின் தோலைப் பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்டதாக மாற்றிய பிறகே அது பயன்பாட்டுக்கு வந்தது. 1881-இல் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடு பசையைத் தகட்டில் அப்பும் முறையைக் கொண்டுவந்து அந்த நீண்ட வேலையைச் சுருக்கினார். நீங்கள் விற்கும் பேட்டரிகள் எல்லாம் அந்தப் பசை வழியில் வந்தவையே.

இப்போது உங்கள் தடைக்காலத்துக்கு வருகிறேன். பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது இரண்டு பிளேட்டுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது, இது இயல்பானது. புதிதாகப் படிந்த படிகங்கள் மிக நுண்ணியவை என்பதால், உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து மீண்டும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறிவிடும். ஆனால் இறங்கிய நிலையிலேயே பேட்டரியை வாரக்கணக்கில் விட்டுவிட்டால், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரைப் பாகு ஆறி நாள்பட நாள்படக் கற்கண்டாகக் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கற்கண்டைக் கரைப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் அந்தச் சல்ஃபேட்டைக் கரைப்பதும். போதாததற்கு அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். படகு கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாளும் பேட்டரி தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அந்த இறக்கமும் வேகமாகும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இருமடங்கு என்பது பழைய கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில், மூடிய எஞ்சின் அறைக்குள், ஜி.பி.எஸ். கருவியின் இணைப்பைக்கூடக் கழற்றாமல் விட்டுவந்த பேட்டரி வேறு எப்படி இருக்கும்? உங்கள் சரக்கில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் படிகங்களைச் சிறிதாகவே வைத்திருப்பதற்கான மேற்பரப்பு வேலை, பேட்டரி தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது. எதிர்மின் தகட்டுப் பசையில் மூன்று பொருள்களை மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள்: பேரியம் சல்ஃபேட், கார்பன் தூள், மரத்திலிருந்து கிடைக்கும் லிக்னின் வகைப் பொருள். பேரியம் சல்ஃபேட்டின் படிக அமைப்பும் ஈய சல்ஃபேட்டின் அமைப்பும் ஒத்திருப்பதால், அது ஆயிரக்கணக்கான இடங்களில் விதைபோல் நின்று, சல்ஃபேட் ஒரே இடத்தில் பெருக்காமல் பரவலாகப் படியச் செய்கிறது. லிக்னின் ஈயத்தின் தோலில் ஒட்டிக்கொண்டு, சல்ஃபேட் இடைவெளியில்லாத போர்வையாக மூடிவிடாமல் தடுக்கிறது. இந்த லிக்னின் கதை வேடிக்கையானது. ஒரு காலத்தில் பிளேட்டுகளுக்கு இடையே மரத் தகடுகளைத்தான் தடுப்பாக வைத்தார்கள். நல்ல தடுப்பு வேண்டும் என்று மரத்தை எடுத்துவிட்டு ரப்பரை வைத்ததும் பேட்டரியின் திறன் குறைந்தது! மரத்திலிருந்து ஆசிட்டில் கசிந்த ஏதோ ஒன்று அதுவரை யாருக்கும் தெரியாமல் உழைத்துக்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகே விளங்கியது.

அடுத்தது உங்களிடம் வந்த அந்தத் திரவப் பாட்டில். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: அந்த இரண்டு பேட்டரிகளை எழுப்பியது திரவமா, அல்லது அதனுடன் நீங்கள் போட்ட 24 மணி நேர மெதுவான சார்ஜா? திரவம் ஊற்றாமல், அதே நிலையில் உள்ள வேறு பேட்டரிகளுக்கு அதே சார்ஜைப் போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். அமெரிக்காவில் இதே வழக்கு ஒரு முறை பெரிய அரசியலாகவே ஆனது. ஏடி-எக்ஸ்2 என்று ஒரு பேட்டரி மருந்து விற்கப்பட்டது. அதில் இருந்தவை பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும். அந்நாட்டு அரசின் தரநிர்ணய ஆய்வகம் பயனில்லை என்று சொன்னதால், 1953-இல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள், அவர் பதவியில் நீடித்தார், அதே ஆண்டு அந்நாட்டு அறிவியல் கழகத்தின் குழுவும் மருந்தில் பயனில்லை என்றே அறிக்கை தந்தது. உப்புக் கரைசலை ஊற்றி, பிளேட் கட்டின் உள்ளே வரை சீரான பூச்சை உண்டாக்க முடியும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

லித்தியம் பற்றிய கூற்றில் பாதி உண்மை, பாதி திரிபு. உங்கள் ஏஜென்ட் விற்பது லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகையாக இருக்க வேண்டும். அமெரிக்க விஞ்ஞானி குட்எனஃப் குழுவினர் 1997-இல் இதை வெளியிட்டபோது, விலை மலிவு, வெப்பத்தைத் தாங்கும், ஆனால் மின்சாரத்தை மிக மோசமாகவே கடத்தும் என்ற நிலையில்தான் அந்தப் பொருள் இருந்தது. துகள்களை நுண்ணியதாக்கி, சர்க்கரை போன்ற ஒரு கரிமப் பொருளுடன் கலந்து, காற்றுப் படாமல் 700 டிகிரி அளவில் சூடாக்கினால், ஒவ்வொரு துகளின் மேலும் சில நானோமீட்டர் கனத்தில் கரித்தோல் உண்டாகிறது. அந்தத் தோல் வந்த பிறகே அது பேட்டரிக்கு உரிய பொருளாயிற்று. ஆகவே கார்பன் பூச்சு உண்மை. ஆனால் அது மின்சாரம் ஓடுவதற்கான பூச்சு, உப்புக் காற்றைத் தடுக்கும் பூச்சு அன்று. அந்த மின்முனை மூடி முத்திரையிட்ட செல்லுக்குள் இருக்கிறது. உப்புக் காற்று அங்கே போக வழி கிடைத்தால் அந்தப் பேட்டரியின் கதை அன்றோடு முடிந்தது என்று பொருள். ஈரம் சிறிதளவு நுழைந்தாலே மின்பகுளியில் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தில்) உள்ள உப்புடன் சேர்ந்து ஹைட்ரோ புளோரிக் அமிலம் உண்டாகி உள்ளே அரிக்கத் தொடங்கும். நிக்கல், கோபால்ட் கலந்த வேறு லித்தியம் வகைகளில் நேர்மின்முனைத் துகள்களின் மேல் அலுமினியம் ஆக்சைடை மெல்லிதாகப் பூசுவது இந்த அமிலத்துக்குத் தடுப்பாகத்தான்.

லித்தியம் செல்லின் எதிர்மின்முனையான கிராஃபைட்டுக்கும் ஒரு தோல் உண்டு. அதை யாரும் பூசுவதில்லை. தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏற்றும்போது மின்பகுளியே கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் படிகிறது. அதற்கு 1979-இல் பெலெட் என்பவர் கொடுத்த பெயரால்தான் இன்றும் எஸ்.இ.ஐ. (திண்ம மின்பகுளி இடைமுகம்) என்கிறார்கள். லித்தியம் அயனிகளை உள்ளே விடும், மின்பகுளியைத் தடுக்கும். வெப்பத்தில் இந்தத் தோல் தடிக்கும். தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்னும். எனவே லித்தியமானாலும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆயுள் குறையும்.

பதில் 2: பாம்பன், படகு எலக்ட்ரீசியன்

பெரியவர் எழுதியதைப் படித்து நிறையக் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் பேட்டரிக்கு உள்ளே இருக்கும் மேற்பரப்பைப் பேசிக்கொண்டு வெளியே இருக்கும் மேற்பரப்பை விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் ஊரில் காற்றே உப்பு. மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகங்களை வெட்டவெளியில் வைத்து அரிமானத்தைச் சோதிக்க ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகும் பேட்டரிகளில் ஒரு பங்கு சாகவே இல்லை என்பது என் அனுபவம். சென்ற ஜூனில் ஒரு படகில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியில் பார்த்தால் 12.5 வோல்ட் காட்டியது. டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை டெர்மினல் கம்பத்திலும் மறு முள்ளை அதன் மேல் மாட்டியிருக்கும் லக்கிலும் (கம்பி முனையில் உள்ள உலோக இணைப்பு) வைத்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே 1.8 வோல்ட் காட்டியது. செல்ஃப் மோட்டாருக்கு 200 ஆம்பியர் ஓடும்போது நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே எரிந்துவிடும். லக்கைக் கழற்றினேன், உள்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கம்பியின் ரப்பரை ஒரு சாண் நீளம் சீவிப் பார்த்தேன். செம்பு இழைகள் கரிபிடித்ததுபோல் கறுத்திருந்தன. புதுக் கம்பி, புது லக் போட்டதும் அதே பேட்டரி எஞ்சினை எடுத்தது.

எனவே ஐயா, பூச்சு வேண்டும் என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் தொடங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் வீட்டு வயரிங் கம்பியைப் படகில் போட்டால் ஈராண்டு தாங்குவதில்லை. டெர்மினலை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். அப்போது செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, லக்கை முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பலர் முதலில் கிரீஸை அப்பிவிட்டு அதன் மேல் லக்கை மாட்டுகிறார்கள், அது தவறு.

பேட்டரிப் பெட்டியைத் தாழ்வான இடத்தில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். கடல் நீர் செல்லுக்குள் புகுந்தால் பிளேட் கெடுவது இருக்கட்டும், குளோரின் வாயு வரும். நீர்மூழ்கிக் கப்பல்களில் ஆட்களைக் கொன்ற வாயு அது.

லித்தியத்தைப் பற்றி: நான் இரண்டு படகுகளில் மாட்டியிருக்கிறேன். எடை குறைவு, விளக்குக்கு நன்றாக உழைக்கிறது. ஆனால் பழைய டைனமோவை நேரே இணைத்தால் பேட்டரி கேட்கும் கரண்டைக் கொடுத்துக்கொடுத்து டைனமோ சூடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு அட்டை உப்பில் நனைந்தால் செல் நன்றாக இருந்தும் பேட்டரி போய்விடும். ஏஜென்ட்டிடம் மின்முனைப் பூச்சைக் கேட்காதீர்கள். அந்த அட்டைக்கு ஈரம் புகாத பூச்சு இருக்கிறதா, பெட்டி தூசியும் நீரும் புகாத ஐபி67 தரமா என்று கேளுங்கள்.

பதில் 3: முதுகுளத்தூர், வேதியியல் ஆசிரியை

வணக்கம். எதிர்மின் தகட்டில் கார்பன் தூள் சேர்ப்பார்கள் என்று ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கரி நினைவுக்கு வந்தது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக்கருவேலங்கரி மூட்டம் போடாத ஊர் குறைவு. அந்தக் கரியை அரைத்து மின்முனைப் பூச்சாகப் பயன்படுத்த முடியுமா என்று பள்ளியில் என் மாணவர்கள் கேட்கிறார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தோம்: ஒரே மூட்டையில் எடுத்த துண்டுகளில் சில சில நூறு ஓம் காட்டின; சில, மீட்டர் அசையவே இல்லை. எல்லாம் கரிதானே, ஏன் இந்த வேறுபாடு?

பதில் 4: காரைக்குடி, ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர்

அம்மா, நல்ல சோதனை. மரம் எவ்வளவு சூட்டில் கரியாயிற்று என்பதை உங்கள் மீட்டர் காட்டிவிட்டது. ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கீழே வெந்த கரி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதற்கு மேல் போகப்போகக் கரி அணுக்கள் தாள் தாளாக அடுக்கிக்கொண்டு கடத்தத் தொடங்கும். மூட்டத்தின் நடுவில் கிடந்த துண்டும் ஓரத்தில் கிடந்த துண்டும் ஒரே சூட்டைக் கண்டவை அல்ல.

ஆனால் அந்தத் தூளைப் பேட்டரியில் போட வேண்டாம். மரக்கரியில் சாம்பல் உண்டு, சாம்பலில் இரும்பு முதலான உலோகங்கள் உண்டு. ஈய அமில பேட்டரிக்கு இரும்பு ஆகாது. ஒரு தகட்டுக்கும் மறு தகட்டுக்கும் இடையே அலைந்து தானாக இறங்கும் வேகத்தைக் கூட்டும். தொழிற்சாலையில் சேர்ப்பது தூய்மையாக்கிய கார்பன். அதையும் அளவு மீறிச் சேர்த்தால் ஹைட்ரஜன் அதிகம் வெளியேறித் தண்ணீர் குறையும்.

மாணவர்களுக்கு மேற்பரப்பைக் காட்ட வேறு வழி இருக்கிறது. வனேடியம் பாய்மக் கலங்களில் (வனேடியம் கரைசலில் மின்சாரத்தைச் சேமிக்கும் ஒருவகை பேட்டரி) கார்பன் கம்பளியை மின்முனையாக வைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்கைலாஸ் கசாகோஸ் குழுவினர் அந்தக் கம்பளியைக் காற்றிலேயே 400 டிகிரியில் 30 மணி நேரம் வைத்தெடுத்து, கலத்தின் ஆற்றல் திறன் 78 விழுக்காட்டிலிருந்து 88 ஆக உயர்ந்ததை 1992-இல் வெளியிட்டார்கள். எதையும் பூசவில்லை, சூட்டில் கார்பனின் தோலில் ஆக்சிஜன் ஏறியதால் கரைசல் அதை நனைக்கத் தொடங்கியது, அவ்வளவே. கார்பன் கம்பளித் துண்டு கிடைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சூடாக்காத துண்டின் மேல் அது தாமரை இலை நீர்போல் உருண்டு நிற்கும்; சூடாக்கிய துண்டில் விட்ட இடம் தெரியாது.

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடம் பேட்டரிக் கடை

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி இரண்டு வாரம் செலவழித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு பேட்டரியை ஆசிட்டை வடித்துவிட்டு அறுத்துப் பார்த்தேன். எதிர்மின் பிளேட் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அது சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. கையுறை போட்ட விரலால் தேய்த்தால் உப்புக்கல்போல் நெறுநெறுத்தது. நல்ல பிளேட்டை ஆணியால் கீறினால் ஈயத்தின் பளபளப்புத் தெரியும். இதில் வெள்ளைக் கோடுதான் விழுந்தது. பதினெட்டு ஆண்டாக விற்கிறேன், இதுவரை உள்ளே பார்த்ததில்லை.

பிறகு திரவம் எதுவும் ஊற்றாமல், அதேபோல் தடைக்காலத்தில் கிடந்த நான்கு பேட்டரிகளுக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விட்டு, 3 ஆம்பியரில் 36 மணி நேரம் சார்ஜ் போட்டேன். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.10 காட்டிய இரண்டு பேட்டரிகள் 1.23 வரை ஏறின, ஒன்று 1.17-இல் நின்றுவிட்டது, மற்றொன்றில் ஒரு செல் அசையவே இல்லை. ஆக, பாட்டில் இருந்தபோதும் நான்கில் இரண்டு, இல்லாதபோதும் நான்கில் இரண்டு. எட்டுப் பேட்டரியை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது தெரியும். ஆனால் பாட்டிலுக்குக் கொடுத்த பணம் எனக்குத் தெரியும்.

லித்தியத்தை இப்போதைக்கு விளக்குக்கு மட்டும் கேட்பவர்களுக்குத் தருவதாக இருக்கிறேன். தடைக்காலத்துக்கு வேறொரு ஏற்பாடு. ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் வாடிக்கையாளர்கள் பேட்டரியைக் கழற்றி என் கடையில் ஒப்படைக்கலாம். முழுச் சார்ஜ் போட்டு நிழலில் வைத்து, மாதம் ஒரு முறை மறுபடி நிரப்பி, ஜூன் 14 அன்று திருப்பித் தருவேன். பெரியவருக்கு ஒரு கேள்வி பாக்கி: நாற்பது பேட்டரி சேர்ந்தால், இரவில் கடையைப் பூட்டிவிட்டு சார்ஜில் விடலாமா?

பதில் 5: காரைக்குடி, ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர்

பூட்டிய கடையில் கூடாது ஐயா. சார்ஜ் முடியும் தறுவாயில் ஹைட்ரஜன் வெளியேறும். அது மேலே போய்க் கூரையின் கீழ் தங்கும், ஒரு சுவிட்ச் பொறியே போதும். மேலே திறப்பு உள்ள கொட்டகையில், ஆள் இருக்கும்போது, பத்துப் பத்தாகப் போடுங்கள். மாதம் ஒரு முறை என்பதால் ஒரு வாரத்தில் நாற்பதும் முடிந்துவிடும்.

பதில் 6: பாம்பன், படகு எலக்ட்ரீசியன்

என்னிடம் 10 ஆம்பியர் சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது அண்ணன், தடைக்காலத்தில் எனக்கும் வேலை இல்லை. ஏப்ரல் முதல் வாரம் கொண்டுவந்து தருகிறேன். பேட்டரியைக் கழற்ற வருகிறவர்களிடம் லக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கறுத்ததை வெட்டிப் புதிது போட்டுவிடலாம்.